சமையற்கூடத்தின் பதிவேடும் ஒரு மருத்துவக் குறிப்பே

உணவுத்தட்டைத் திரும்ப எடுத்துச்செல்ல வரும் ஊழியரிடம் நோயாளிகளின் உறவினர்கள் கோபித்துக்கொள்வது எங்கள் வார்டுகளில் ஏறத்தாழ அன்றாட நிகழ்ச்சி. "பாதிக் கஞ்சி அப்படியே இருக்கிறது. அவர் தூங்கி எழுந்ததும் குடிப்பார். அதற்குள் எடுத்துக்கொண்டு போகிறீர்களே" என்பார்கள். சோற்றை வீசுவது பாவம் என்று சொல்லி வளர்க்கப்பட்ட நமக்கு அந்தக் கோபம் இயல்பானதே. ஊழியர் பதில் பேசாமல், தம் கையிலுள்ள தாளில் நேரத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த படுக்கைக்குச் செல்வதையும் நீங்கள் கவனித்திருக்கலாம். அந்தத் தாள் எதற்கு, அது எங்கே போகிறது என்பதை விளக்கவே இக்கட்டுரை. தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவில் நானும் ஒருவன் என்பதால், சமையற்கூடத்துப் பதிவேடுகள் வாரந்தோறும் என் மேசைக்கு வருகின்றன.

காலையில் வடித்த சோற்றை இரவில் உண்டும் ஒன்றும் ஆகாமல் வாழ்ந்தவர்கள்தாமே நாம் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் நலமாக இருப்பவரின் வயிறும் நோயாளியின் வயிறும் ஒன்றல்ல. உணவோடு உட்செல்லும் கிருமிகளில் பெரும்பகுதியை அழிப்பது இரைப்பையின் அமிலம். இங்கே சேர்க்கப்பட்டவர்களில் பலர் அந்த அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நாள்தோறும் உட்கொள்கிறார்கள். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டவர்களுக்குச் சில நாள்களில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களோ, உடலின் எதிர்ப்பாற்றலை வேண்டுமென்றே தணித்துவைக்கும் மருந்துகளில் இருக்கிறார்கள். முதியவர்களுக்கும் பச்சிளங்குழந்தைகளுக்கும் சில முறை வயிற்றுப்போக்கு ஏற்பட்டாலே உடலின் நீரும் உப்பும் ஆபத்தான அளவுக்குக் குறையக்கூடும். வீட்டில் ஒருநாள் வயிற்றுவலியோடு முடிந்துவிடும் ஒன்று, இங்கே குருதியில் கிருமி பரவும் நிலைக்கு இட்டுச்செல்லலாம்.

ஐந்துக்கும் அறுபதுக்கும் இடையே

உலகச் சுகாதார நிறுவனம் 2001ஆம் ஆண்டில் பாதுகாப்பான உணவுக்கான ஐந்து வழிகளை வெளியிட்டது. அவற்றுள் சமையற்கூடத்துக்கு மிகவும் தேவையானது வெப்பம் பற்றிய பகுதி. உணவின் நடுப்பகுதி 70 டிகிரி செல்சியசை எட்டும்வரை சமைக்க வேண்டும். சூடாக வழங்குவதை 60 டிகிரிக்கு மேலேயும், குளிர்வித்து வைப்பதை 5 டிகிரிக்குக் கீழேயும் வைத்திருக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமிகள் விரைந்து பெருகுகின்றன. நம் ஊர் அறை வெப்பம் ஆண்டு முழுவதும் அந்த இடைவெளிக்குள்ளேயே இருக்கிறது. சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கலாகாது என்பதும் அதே வழிகாட்டுதலில் உள்ளது. உங்கள் கட்டிலருகே இருந்த கஞ்சியை எடுத்துச்செல்வதற்குக் காரணம் இதுவே.

"மீண்டும் கொதிக்கவைத்துக் கொடுத்தால் என்ன?" என்பது அடுத்த கேள்வி. இதற்கான விடையில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். அரிசியில் பசில்லஸ் செரியஸ் என்னும் நுண்ணுயிர் இயல்பாகவே இருக்கும். மண்ணிலிருந்து வருவது அது. சோறு கொதிக்கும்போது இந்த நுண்ணுயிர் இறந்தாலும் அதன் வித்துகள் இறப்பதில்லை. சோறு வெதுவெதுப்பாக இருக்கும் நேரத்தில் அவ்வித்துகள் முளைத்துப் பெருகி ஒரு நச்சை உண்டாக்குகின்றன. அந்த நச்சு, கொதிநீரின் வெப்பத்தையும் தாங்கக்கூடியது. ஆகவே மறுபடி சூடாக்கினால் கிருமி சாகும், நஞ்சு இருக்கும். சமைப்பவரின் கைப்புண்ணிலிருந்தோ மூக்கிலிருந்தோ உணவில் சேரும் ஸ்டஃபைலோகாக்கஸ் நுண்ணுயிரின் நச்சும் இப்படித்தான்.

பெரிய அளவில் சமைக்கும் இடங்களுக்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. வீட்டில் ஒரு சிறு பாத்திரத்துச் சாம்பார் விரைவில் ஆறிவிடும். பெரிய அண்டாவில் இருக்கும் சாம்பாரோ இறைச்சிக் குழம்போ, மேற்பரப்பு ஆறிய பின்னும் நடுவில் பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். கொதித்ததால் அதிலிருந்த காற்றும் வெளியேறிவிட்டது. காற்றில்லாத வெதுவெதுப்பை விரும்பும் கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்னும் நுண்ணுயிருக்கு இதைவிட நல்ல இடம் அமையாது. உகந்த சூழலில் ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது இரட்டிக்கக்கூடியது. கலியாண வீட்டு விருந்துக்குப் பின் பலருக்கு ஒரே இரவில் வயிற்றுப்போக்கு ஏற்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதனால்தான் எங்கள் சமையற்கூடத்தில் மீந்ததை மறுநாள் வழங்கும் வழக்கமே இல்லை.

இட்லியைப் பற்றி எனக்குக் கவலை இருந்ததில்லை. ஆவியில் வெந்து நேரே தட்டுக்கு வருகிறது. கவலையெல்லாம் அதன் பக்கத்தில் இருக்கும் தேங்காய்ச் சட்னியைப் பற்றியதுதான். வேகவைக்காத தேங்காய், பலர் கைபட்ட பாத்திரம், கழுவக் கடினமான இடுக்குகளைக் கொண்ட அரவை இயந்திரம், அறை வெப்பம் ஆகிய நான்கும் அதில் வந்து கூடுகின்றன. கொதித்து ஆறிய நீரில், சிறுசிறு அளவாக, பரிமாறும் நேரத்துக்குச் சற்று முன்பே அரைக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. வெள்ளை அணுக்கள் குறைந்த நோயாளிகளின் தட்டில் சட்னி இராது. சாம்பார் மட்டுமே இருக்கும். சுவை குறைந்தது என்று எங்களைக் கடிந்துகொள்ளும் நோயாளிகளுக்கு இதற்கு மேல் ஆறுதல் சொல்ல என்னால் இயலவில்லை.

துடைப்பதும் கிருமி நீக்குவதும்

பளபளக்கும் மேடை தூய்மையான மேடை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். சோப்புநீரால் எண்ணெய்ப் பிசுக்கையும் உணவுத் துணுக்குகளையும் நீக்குவது ஒரு வேலை. அதன்பின் குளோரின் கலந்த நீரால் கிருமியை அழிப்பது வேறொரு வேலை. முதலாவதைச் செய்யாமல் இரண்டாவதைச் செய்தால், பிசுக்கே குளோரினின் ஆற்றலைத் தின்றுவிடும். குளோரின் கலந்த நீரை அமிலம் உள்ள கழிப்பறைத் துப்புரவு நீர்மத்தோடு ஒருபோதும் கலக்கலாகாது. நச்சுவாயு வெளிப்படும். வீட்டிலும் இதை நினைவில் வையுங்கள்.

நான் சமையற்கூடத்துக்குள் சென்றால் முதலில் பார்ப்பது தரையை அன்று; கரித்துணியை. சூடான பாத்திரத்தை இறக்கவும், மேடையைத் துடைக்கவும், சில சமயம் தட்டின் விளிம்பைத் துடைக்கவும் ஒரே துணி பயன்பட்டால், மற்ற எல்லா ஏற்பாடுகளும் வீண். ஈரத்துணி கிருமியை ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குக் கொண்டுசெல்லும் வண்டி. காய்கறிக்கும் இறைச்சிக்கும் வேறு வேறு நிறத்தில் வெட்டுப்பலகைகள் வைத்திருப்பதும் இதே காரணத்தால்தான். பச்சைக் கோழியை வெட்டிய பலகையில் வெள்ளரிக்காய் நறுக்கப்பட்டுவிட்டால், கோழியைக் கொதிக்கவைத்தும் பயனில்லை. வெள்ளரியை யாரும் கொதிக்கவைப்பதில்லை.

சமைப்பவரின் நலம்

இந்நாட்டில் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின்கீழ், உணவைக் கையாளும் பணியாளர்கள் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். குடற்காய்ச்சல் வகை நோய்களுக்குத் தடுப்பூசியும் போட்டுக்கொள்ள வேண்டும். இவற்றுக்கான பதிவும் இருக்க வேண்டும். இந்த விதியின் தேவையை உலகுக்கு உணர்த்தியவர் ஒரு சமையற்காரப் பெண்மணி. நியூயார்க் நகரில் பல வீடுகளில் சமைத்த மேரி மாலன், தமக்கு எந்தக் காய்ச்சலும் இல்லாமலே டைஃபாய்டு கிருமியைச் சுமந்திருந்தார் என்பதை 1907ஆம் ஆண்டில் ஜார்ஜ் சோப்பர் என்பவர் கண்டறிந்தார். தனிமையில் வைக்கப்பட்ட அவர், இனிச் சமைப்பதில்லை என்று உறுதியளித்தபின் 1910இல் விடுவிக்கப்பட்டார். 1915இல் அதே நகரின் மகப்பேறு மருத்துவமனை ஒன்றில் 25 பேருக்கு டைஃபாய்டு கண்டு இருவர் இறந்தனர். வேறு பெயரில் அங்கே சமையல் செய்துகொண்டிருந்தவர் மேரி மாலனே. யார் சமைக்கிறார், அவர் உடல்நிலை என்ன என்று விசாரித்து எழுதிவைக்கும் முறை அங்கே இருந்திருந்தால் அவரால் அந்த அடுப்பை நெருங்கியிருக்க முடியாது.

ஆனால் ஆண்டுச் சான்றிதழைவிட அன்றைய காலைக் கேள்விக்கே நான் அதிக மதிப்பளிக்கிறேன். "வயிற்றுப்போக்கு உண்டா? காய்ச்சல் உண்டா? கையில் புண் உண்டா?" என்று பணி தொடங்குமுன் மேற்பார்வையாளர் ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதுகிறார். இந்தக் கேள்விக்கு உண்மையான விடை கிடைக்க வேண்டுமானால், "உண்டு" என்று சொன்னவருக்கு அன்றைய கூலி குறையக் கூடாது. சம்பளத்தை இழக்க நேரும் மனிதர் தம் வயிற்றுப்போக்கை மறைப்பதில் வியப்பில்லை. உணவுப் பாதுகாப்பு பற்றிப் பேசும் பல கூட்டங்களில் கையுறையையும் தலையுறையையும் பற்றி நிறையப் பேசுகிறார்கள். சம்பளத்துடன் கூடிய விடுப்பைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

ஏன் எழுதிவைக்க வேண்டும்?

தூய்மையாகச் சமைத்தால் போதாதா, எழுத்து வேலை எதற்கு என்று சமையற்காரர்களே கேட்பதுண்டு. இந்தக் கேள்விக்கு விண்வெளிப் பயணத்திலிருந்து ஒரு விடை கிடைத்தது. 1960களில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக உணவு தயாரித்த பில்ஸ்பரி நிறுவனத்தார் ஒரு சிக்கலைச் சந்தித்தனர். விண்வெளியில் ஒருவருக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் மருத்துவமனை இல்லை. சமைத்த உணவைச் சோதித்துப் பார்த்துத்தான் அனுப்புவது என்றால், ஐயமறச் சோதிப்பதற்கே தயாரித்ததில் பெரும்பகுதி செலவாகிவிடும். ஆகவே முடிந்த உணவைச் சோதிப்பதை விட்டு, எந்தெந்தப் படியில் ஆபத்து நுழையக்கூடும் என்று ஆராய்ந்து, அந்தப் படிகளை அளந்து, அளந்ததை எழுதிவைக்கும் முறையை வகுத்தார்கள். இன்று உலகெங்கும் பெரிய சமையற்கூடங்கள் பின்பற்றுவது இதன் வழிவந்த முறையையே. உங்கள் தட்டிலுள்ள கஞ்சியை யாரும் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு உங்களுக்குத் தருவதில்லை. அது பாதுகாப்பானது என்பதற்கு எங்களிடம் இருக்கும் ஒரே சான்று, அது அடுப்பிலிருந்து உங்கள் கட்டில்வரை வந்த வழியின் பதிவு.

அந்த வழியைக் கவனிக்காவிட்டால் என்னாகும் என்பதற்கு இங்கிலாந்தின் வேக்ஃபீல்டு நகரில் இருந்த ஸ்டான்லி ராய்டு மருத்துவமனை ஓர் எடுத்துக்காட்டு. மனநோயாளிகளும் முதியவர்களும் தங்கியிருந்த அந்த மருத்துவமனையில் 1984 ஆகஸ்டில் சால்மொனெல்லா கிருமியால் 400க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நோயாளிகளில் 19 பேர் இறந்தனர். வாட்டிய மாட்டிறைச்சி குளிர்பெட்டிக்கு வெளியே கோடை வெப்பத்தில் பல மணி நேரம் கிடந்ததே காரணம் என்று பின்னர் அறியப்பட்டது. அரசு மருத்துவமனைகளின் சமையற்கூடங்கள்மீது வழக்குத் தொடர முடியாது என்று அதுவரை அங்கே இருந்த விலக்கு, இதனை அடுத்து 1986இல் இயற்றப்பட்ட சட்டத்தால் நீக்கப்பட்டது.

இனி எங்கள் பதிவேட்டுக்கு வருவோம். பால் வந்திறங்கியபோது அதன் வெப்பம் எவ்வளவு, ஒவ்வொரு குளிர்பெட்டியின் வெப்பம் காலையிலும் மாலையிலும் எவ்வளவு, சமைத்து முடித்தபோது உணவின் நடுவே எவ்வளவு, வண்டியில் ஏற்றியபோது எவ்வளவு, தட்டு எப்போது வழங்கப்பட்டது, எப்போது திரும்பப் பெறப்பட்டது என்பவை அதில் இருக்கும். வெப்பமானியே சரியாகக் காட்டுகிறதா என்பதற்கும் ஒரு பத்தி உண்டு. நொறுக்கிய பனிக்கட்டி நிறைந்த நீரில் அமிழ்த்தினால் அது சுழியத்தைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு வேளை உணவிலும் சிறிது எடுத்து, நாளும் நேரமும் ஒட்டி, மூன்று நாள் குளிரில் பாதுகாக்கிறோம்.

பதிவேட்டை வாசிப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். மாதம் முழுவதும் குளிர்பெட்டியின் வெப்பம் 4, 4, 4, 4 என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதி வருவதில்லை; ஐயமே வருகிறது. மே மாதத்து மின்தடை நாளிலும், கதவு பலமுறை திறந்து மூடப்படும் காலை வேளையிலும் அந்த எண் அசையவில்லை என்றால், எழுதியவர் பெட்டியைப் பார்க்காமலே எழுதியிருக்கிறார் என்றே பொருள். மாறாக, "9 டிகிரி, மின்தடை, தயிர் ஆறு லிட்டர் கொட்டப்பட்டது" என்று எழுதிக் கையொப்பமிட்ட பக்கத்தை நான் நம்புகிறேன். அந்த ஒரு வரியில் அளந்தவர் இருக்கிறார், முடிவெடுத்தவர் இருக்கிறார், தீங்கு நேராமல் காக்கப்பட்ட நோயாளிகளும் இருக்கிறார்கள். அந்த ஒன்பதுக்காக ஊழியரைக் கடிந்துகொள்ளும் நிர்வாகத்துக்கு அடுத்த மாதத்திலிருந்து நான்குகள் மட்டுமே கிடைக்கும்.

எழுத்தின் மற்றொரு பயன், நோய் வந்த பிறகு தெரியும். பசில்லஸ் செரியசின் நச்சால் உண்ட சில மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிடும். பெர்ஃபிரிஞ்சென்ஸ் பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து வயிற்றுப்போக்காக வெளிப்படும். சால்மொனெல்லாவுக்குப் பொதுவாக அரை நாள் முதல் மூன்று நாள்வரை ஆகும். டைஃபாய்டுக்கு வாரங்கள். ஆகவே இன்று காலை ஒரு வார்டில் மூவருக்கு வயிற்றுப்போக்கு என்றால், நான் விசாரிக்க வேண்டியது இன்றைய காலை உணவை அன்று, நேற்றைய இரவு உணவையோ அதற்கு முந்தையதையோதான். மூன்று நாளுக்கு முன் உண்டதை நினைவிலிருந்து சரியாகச் சொல்பவர்கள் மிகச் சிலர்.

தட்டில் ஒட்டிய சீட்டு

கிருமி இல்லாத உணவும் தவறான நோயாளிக்குச் சென்றால் தீங்கே. தட்டின்மீது ஒட்டப்படும் சீட்டில் பெயரும் படுக்கை எண்ணும் உணவு வகையும் இருக்கும். இரத்தச் சுத்திகரிப்பில் இருக்கும் சிறுநீரக நோயாளிக்கு இளநீர் சென்றால், அதிலுள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைத்துவிடலாம். உப்பைக் குறைக்க விரும்புவோருக்காகக் கடைகளில் விற்கப்படும் சோடியம் குறைந்த உப்பிலும் பொட்டாசியம் குளோரைடு உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. ஊழியர் மூன்று வேளையும் பெயர் கேட்பது உங்களை மறந்துவிட்டதால் அன்று. நோயாளி விடை சொல்ல இயலாத நிலையில் இருந்தால், சீட்டைப் படித்துப் பார்த்து உறுதி செய்ய வேண்டியவர் அருகிலிருக்கும் நீங்கள்தாம்.

வெளியிலிருந்து வரும் உணவு

வீட்டு உணவை நாங்கள் முற்றாகத் தடுப்பதில்லை. பசியற்றுக் கிடப்பவர் தம் மகள் வைத்த இரசத்தை இரண்டு கரண்டி அருந்தினால் அது நன்மையே. கொண்டுவருவதை அன்றே சமைத்து, கொதிக்கக் கொதிக்க வெப்பக்குடுவையில் அடைத்து, வந்தவுடன் கொடுத்துவிடுங்கள். மிச்சத்தைக் கட்டிலருகே உள்ள அலமாரியில் வைக்க வேண்டாம். கொடுக்குமுன் செவிலியரிடம் சொல்லுங்கள். அவர் நேரத்தோடு குறித்துக்கொள்வார். புற்றுநோய் மருந்தேற்றத்திலும் உறுப்பு மாற்றத்துக்குப் பின்னும் இருப்பவர்களுக்கு மட்டும், மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் எதுவும் வேண்டாம்.

எங்களை அதிகம் இடர்ப்படுத்துவது வெளியுணவு அன்று, அதை மறைப்பது. இரவில் காய்ச்சல் கண்ட நோயாளியின் உறவினர், திட்டுவார்களோ என்று அஞ்சி, "மருத்துவமனைச் சாப்பாடு மட்டுந்தான்" என்கிறார். நாங்கள் அந்த வேளையில் உண்ட அனைவரையும் விசாரித்து, பாதுகாத்த உணவை ஆய்வகத்துக்கு அனுப்பி, ஒரு பகலைச் செலவிடுகிறோம். அதற்குள் உண்மையான காரணம் வெளியிலிருந்து வந்த பொட்டலத்தோடு குப்பைக்குப் போய்விடுகிறது. உண்மையைச் சொன்னதற்காக இங்கே யாரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள். கடிந்துகொண்டால் என்னிடம் வந்து சொல்லலாம்.

மூக்குக் குழாய் வழியாக உணவு பெறுபவரை வீட்டுக்கு அழைத்துச் செல்வோருக்கு இவை அனைத்தும் இன்னும் நேரடியாகப் பொருந்தும். அன்றுமுதல் உங்கள் அடுக்களையே அவருக்கு மருத்துவமனைச் சமையற்கூடம். குழாய் வழி செல்லும் உணவு அரைக்கப்பட்டது. பல கருவிகளைத் தொட்டு வருவது. ஊட்டச்சத்து நிறைந்ததால் கிருமிகளுக்கும் உகந்தது. சோப்பிட்டுக் கைகழுவிய பின் தயாரியுங்கள். அரவைக்கலத்தின் அலகையும் மூடியின் வளையத்தையும் தனித்தனியே கழற்றிக் கழுவி உலரவையுங்கள். ஒரு நாளுக்கு உரியதை மட்டும் தயாரித்து, வேளைக்கு ஒன்றாகச் சிறு கலங்களில் ஊற்றி, உடனே குளிர்பெட்டியில் வையுங்கள். அந்தந்த வேளைக்கு உரியதை மட்டும் வெளியே எடுங்கள். வெளியே எடுத்ததை இரண்டு மணி நேரத்துக்குமேல் வைக்காதீர்கள். இருபத்துநான்கு மணி நேரம் கடந்த எதையும் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு வேளையும் பயன்படுத்திய ஊசிக்குழலைச் சோப்பிட்டுக் கழுவி உலரவையுங்கள்.

குளிர்பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டி, தயாரித்த நேரம், கொடுத்த நேரம், அளவு, வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்ததா என நான்கு பத்திகள் வரைந்துகொள்ளுங்கள். மறந்த வேளையை வெறுமையாகவே விடுங்கள். பின்னர் நிரப்ப வேண்டாம். மறுபரிசோதனைக்கு வரும்போது அந்தத் தாளையும் எடுத்து வாருங்கள். மருந்துச் சீட்டுக்கு அடுத்தபடியாக நான் கேட்பது அதைத்தான்.